கோடிச்சேலை ஏற்றி வந்த கார்

மலைச் சாலையில் புதூர்நாட்டைத் தாண்டி ஆறாவது கிலோமீட்டரில் கார் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றபோது ஜீவானந்தத்துக்கு முதலில் கோபம் வரவில்லை. நம்ப முடியவில்லை. வண்டி வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சீட்டின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை. முன் கண்ணாடியில் பூஜை போட்ட அன்று வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது.

இறங்கிப் பார்த்தார். பின்பக்க இடது டயர் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தது. சாலை போடுகிறோம் என்று யாரோ ஒரு காண்ட்ராக்டர் ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டு மூன்று மாதமாக ஆளைக் காணோம். கத்தி கத்தியாக நீட்டிக்கொண்டிருந்த அந்த ஜல்லியில் ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்திருந்தது. இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

காருக்குள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், ஜவுளிக்கடையின் மஞ்சள் பையில் கோடிச்சேலை இருந்தது.

ஜீவானந்தத்தின் அக்கா மங்கம்மாள் நேற்றுச் சாயங்காலம் இறந்துபோனாள். நெல்லிவாசல் நாட்டுக் கருப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, முப்பத்தைந்து வருஷம் சாமையும் புளியும் பார்த்தவள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவள் மறுபடி எழுந்திருக்கவில்லை. சேதி வந்ததும் ஜீவானந்தத்தின் மனைவி ஜெயசுதா உறவுக்காரர்களோடு கடைசி பஸ்ஸில் மலையேறிவிட்டாள். அவர் மட்டும் கோடி எடுப்பதற்காகத் திருப்பத்தூரில் தங்கினார். ஜவுளிக்கடை காலை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.

அந்த மலையில், செத்துப்போன பெண்ணின் மேல் கடைசியாகப் போர்த்துவது பிறந்த வீட்டுக் கோடி. கூடப்பிறந்தவன் அதைத் தன் கையாலேயே கொண்டுவந்து தன் கையாலேயே போட வேண்டும். வழியில் அது இன்னொரு கைக்கு மாறக்கூடாது. அது விழாமல் பாடை எழாது. கூடப்பிறந்தவன் வராவிட்டால் பங்காளிகளில் ஒருவன் போடலாம். ஆனால் போட்டவன்தான் அன்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். போடாதவன் ஒரே வயிற்றில் பிறந்தவனாக இருந்தாலும், கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுக் கை கழுவிப் போகிறவர்களில் ஒருவன். மங்கம்மாளுக்கு ஒரே மகள், செந்தாமரை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். தாய்மாமனாக மணமேடையில் அவளுக்கு மாலை எடுத்துக்கொடுப்பதை ஜீவானந்தம் அவள் பிறந்த நாளிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்து வந்தவர்.

அவர் இடத்தில் வந்து நிற்கத் தோதான பங்காளி ஒருவன் நெல்லிவாசலிலேயே இருந்தான். சித்தப்பா மகன் சின்னராஜ். எல்லைப் புளியமரம் யாருடையது என்ற தகராறில் எட்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. “கீழ போய் பைப்பு விக்கிறவனுக்கு மரம் எதுக்கு?” என்று பஞ்சாயத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டவன் அவன். திருப்பத்தூரில் ஜீவானந்தம் வைத்திருந்தது பைப்பும் பெயின்ட்டும் விற்கிற கடைதான். அதைச் சொன்ன விதம்தான் நெஞ்சில் தைத்துக் கிடந்தது. இனி அந்த ஊருக்குப் போனால் சொந்தக் காரில்தான் போவேன் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிச்சுப் போட்டவர், இதோ போய்க்கொண்டிருந்தார்.

பின்கதவைத் திறந்தார். தரைவிரிப்பைத் தூக்கினால் வட்டமாக ஒரு குழி. ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நுரைப்பஞ்சு. பஞ்சில் செதுக்கிய பள்ளத்தில் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு காற்றடிக்கும் பெட்டி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். ஜாக்கி இல்லை, வீல் ஸ்பேனர் இல்லை.

இது அவருக்குத் தெரியாத விஷயமும் அல்ல. ஷோரூமிலேயே கேட்டிருந்தார். “ஸ்டெப்னி எங்கம்மா?” என்றதற்கு, கோகிலவாணி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் பல் முழுவதும் தெரியச் சிரித்தாள். “இப்பல்லாம் அது வர்றதில்ல சார். வெயிட் குறையும், மைலேஜ் ஏறும், பின்னாடி நெறய எடம் கெடைக்கும். எல்லாம் ட்யூப்லெஸ் சார், பஞ்சரே ஆகாது. ஆனாலும் ஒங்களுக்குக் கிட் தர்றோம்” என்றாள். பஞ்சரே ஆகாது என்றால் கிட் எதற்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வாஷர் இல்லாமல் குழாயை விற்றால் திருப்பிக் கொண்டுவந்து முகத்தில் எறிகிற ஜனங்களிடம் இருபத்தாறு வருஷம் வியாபாரம் பண்ணியவர் அவர். ஆனால் குளிரூட்டிய கண்ணாடி அறைக்குள், மலைக்காரன் ஒன்றும் தெரியாமல் கேட்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. ஏதோ தெரிந்தவர்போலத் தலையாட்டினார். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம். இவர் நெய்யைத் தொட்டு நக்கிப் பார்த்து ருசியாக இருக்கிறது என்று கையெழுத்தே போட்டுவிட்டு வந்தார்.

“நாலு சக்கரத்துக்குக் காசு வாங்கிக்கினு, அஞ்சாவது கேட்டா எடம் கெடைக்கும்ன்றா” என்று யாருமில்லாத காட்டில் சத்தமாகச் சொன்னார். “எனக்கு எதுக்குடி எடம்? நான் இன்னா அதுல குடித்தனமா பண்ணப்போறேன்?”

மணி பதினொன்றேகால்.

கால் மணி நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. ஹேண்டிலின் இரண்டு பக்கமும் சாமந்தி மாலைகள் தொங்கின. ஓட்டி வந்தவன் வெற்றிச்செல்வன், கருப்பனின் தம்பி மகன். திருப்பத்தூரில் தையல் கடை வைத்திருப்பவன். பெரியம்மாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போகிறான்.

“இன்னா மாமா, இங்க நின்னுட்டீங்க?”

“பஞ்சர்.”

“ஸ்டெப்னி மாட்டலாம் வாங்க. அஞ்சு நிமிஷம்” என்று அவன் பைக்கை நிறுத்திச் சட்டைக் கையை மடித்தான்.

“ஸ்டெப்னி கெடயாது.”

“எடுத்துக்கினு வர மறந்துட்டீங்களா?”

“கம்பெனியே குடுக்கல.”

வெற்றிச்செல்வன் அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு வந்ததை இழவு வீட்டுக்குப் போகிற முகத்தால் மறைத்துக்கொண்டான். “சரி வுடுங்க. பின்னால ஏறுங்க. இதுல முக்கா மணி நேரத்துல போய்டலாம். காரு எங்க போய்டப் போவுது?”

ஏறியிருக்க வேண்டும். அந்த இடத்தில் மூளை உள்ள எவனும் மஞ்சள் பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறியிருப்பான். ஜீவானந்தம் காரைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று நின்றது. ஊர் முனையில் அது போய் நிற்பதும், இழவுக்கு வந்த கூட்டம் விலகி வழி விடுவதும், அந்தக் கூட்டத்தில் சின்னராஜ் நிற்பதும் அவர் கண்ணுக்குள் ஓடியது. அதை விட்டுவிட்டு மாலைகளுக்கு நடுவே பின்சீட்டில் உட்கார்ந்து போய் இறங்குவதா?

“நீ போப்பா. கிட் இருக்குது. பத்து நிமிஷத்துல சரிபண்ணிக்கினு ஒம் பின்னாலயே வர்றேன்.”

“கோடியையாவது குடுங்க மாமா, நான் கொண்டுபோய் வெக்கிறேன்.”

“கோடிய அடுத்தவன் கையில குடுப்பாங்களா? தெரியாதவன் மாதிரி பேசற.”

அவன் போய்விட்டான். சாமந்தி வாசனை கொஞ்ச நேரம் நின்று அதுவும் போய்விட்டது.

கிட்டை எடுத்து ஜல்லியின் மேல் பரப்பினார். கூடவே ஒரு தாள், பதினோரு மொழியில். தமிழ் கடைசிக்கு முன்னாலிருந்தது, எறும்பு சைசில். படத்தில் ஒரு ஆள் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு டயருக்கு முன்னால் மண்டியிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். நடுரோட்டில் டயர் கிழிந்தவன் எவனடா சிரிப்பான்? பாட்டிலைப் பெட்டியின் தலையில் திருகி, குழாயை டயரில் மாட்டி, ஒயரைக் காருக்குள் செருகி, பொத்தானை அமுக்கினார்.

பெட்டி கதறியது. பாட்டிலில் இருந்த வெள்ளைக் குழம்பு குழாய் வழியாக ஏறி டயருக்குள் போயிற்று. போன வேகத்தில் கிழிந்த வாய் வழியாக வெளியே பீச்சியது. அவர் முகத்தில், சட்டையில், இழவுக்கென்று கட்டிய வெள்ளை வேட்டியில். அழுகிய முட்டையையும் மாட்டுக் கொட்டகையையும் சேர்த்துக் கரைத்ததுபோல ஒரு நாற்றம். துடைக்கத் துடைக்க இழுபட்டு நூல் நூலாக விரலோடு வந்தது. உதட்டில் பட்டதைத் துப்பினார். துப்பிய எச்சிலும் நூலாகத் தொங்கியது. பெட்டி நிறுத்தாமல் கதறிக்கொண்டே இருந்தது. ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிப் புதரில் எறிந்தார். பிறகு, அதுவும் புதுச் சாமான் ஆயிற்றே என்று முள்ளுக்குள் கையை விட்டு அவரே எடுத்து வந்தார். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்தது போன். சாலை உதவிக்கென்று கொடுத்த எண். ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு சிக்னல். முதலில் இந்தியில் ஒரு பாட்டு. பிறகு ஒன்றை அழுத்து, நாலை அழுத்து. அப்புறம் ஒரு பையன் குரல், வெல்லத்தில் தோய்த்த குரல்.

“வணக்கம் சார், இந்த நாள் உங்களுக்கு இனிய நாளா அமையட்டும். நான் எப்படி உதவட்டும்?”

“தம்பி, எங்க அக்கா செத்துட்டாங்க. நான் கோடி எடுத்துக்கினு போய்க்கினு இருக்கேன். டயர் கிழிஞ்சிபோச்சு.”

“கேக்கவே வருத்தமா இருக்கு சார். டயர் எந்தப் பக்கம் சார்?”

பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டான். ஒரு கடுக்காய் மரம் இருக்கிறது என்றார். பெரிய கடை, ஓட்டல் ஏதாவது என்று கேட்டான். ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கிறது, வேண்டுமானால் அதைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். லைனிலேயே இருக்கச் சொன்னான். இருபது நிமிஷம் பாறை மேல் நின்றார், இந்திப் பாட்டு கேட்டுக்கொண்டு. திரும்பி வந்தவன், மலைப் பகுதிக்கு வண்டி வர ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் ஆகும் என்றும், அதுவும் ஏற்றிக்கொண்டு போகத்தானே ஒழிய டயர் தர அல்ல என்றும் சொன்னான். வைப்பதற்கு முன், இந்த உரையாடலுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டான். ஜீவானந்தம் தந்த மார்க்கைக் கேட்டுக் குரங்கு மரம் தாவிற்று.

பன்னிரண்டரைக்கு எதிரிலிருந்து திருப்பத்தூர் பஸ் வந்தது. கீழே இறங்குகிற பஸ். கையைக் காட்டி நிறுத்தி, புதூர்நாட்டில் பஞ்சர் கடை டோமினிக்கை அனுப்பச் சொல்லிக் கண்டக்டரிடம் கெஞ்சினார். “சொல்றேங்க. அதுக்குள்ள ஸ்டெப்னியக் கழட்டி வெச்சிருங்க, அவனுக்கு வேல கொறயும்” என்றார் கண்டக்டர். ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜீவானந்தம் கையை ஆட்டிப் பஸ்ஸை அனுப்பினார். நாளைக்குள் இந்த மலையில் இருக்கிற ஆடு மாடுகூட வந்து தன்னிடம் ஸ்டெப்னி கேட்கும் என்று தோன்றியது.

ஒரு மணிக்கு ஜெயசுதாவின் போன் வந்தது. பாறை மேல் ஓடி ஏறினார்.

“இன்னாங்க, எங்க இருக்கீங்க? வெற்றி வந்து சொல்லிச்சு. பத்து நிமிஷத்துல வர்றேன்னீங்களாம்?”

“வந்துக்கினே இருக்கேன்.”

“குளிப்பாட்டி வெச்சிட்டாங்க. ஒங்க கோடிக்குத்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க. இங்க மேக்கால கருகும்னு மழ கட்டிக்கினு வருது. குழி தோண்டியாச்சு, தண்ணி நெறஞ்சா மண்ணு சரியும், மூணு மணிக்கு மேல வெக்க முடியாதுன்றாரு ஊர்க்கவுண்டரு.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அந்த மனுசன் வேற காலைலர்ந்து இங்கயே நிக்கிறாரு. பந்தல் போட்டது, ஆள் அனுப்பனது, குழிக்குப் போனது எல்லாம் அவருதான்.”

எந்த மனுசன் என்று கேட்க வேண்டியதில்லை.

“வெற்றிய வண்டியோட திருப்பி அனுப்பட்டா? அது கெளம்பத் தயாரா கீது.”

இரண்டாவது தடவையாக ஒரு கதவு திறந்தது. இப்போதும் அவர் காரைத்தான் பார்த்தார். “வேணாம். டோமினிக் வந்துக்கினு இருக்கான். அரை மணில முடிஞ்சிடும். நானே ஓட்டிக்கினு வந்துர்றேன்.”

“அக்கா மொகத்தப் பாக்க வரீங்களா, காரக் காட்ட வரீங்களா?” என்றாள் ஜெயசுதா. சிக்னல் போய்விட்டதா, அவளே வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை.

டோமினிக் வந்தது ஒன்றேமுக்காலுக்கு. மலையடிவாரத்துக் கிறிஸ்தவர், ஐம்பது வயது, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. மொபெட்டின் முன்னால் ஜாக்கியும் கடப்பாறை மாதிரி இரண்டு இரும்பும் கட்டியிருந்தார். டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முகத்தைச் சுளித்தார்.

“இன்னா சார் இது, வாந்தி எடுத்த மாதிரி?”

“கம்பெனி குடுத்த கோந்து.”

“இத ஊத்திட்டு எங்கிட்ட வர்றவங்களப் பாத்தாலே எனக்கு வவுத்தப் பெரட்டுது சார். போன மாசம் ஒருத்தர் இப்பிடித்தான். ஊத்தாம இருந்தா உள்ள ஒரு பழைய டயர்த் துண்டு வெச்சு ஒட்டி, மெதுவா ஓட்டிக்கினு போய்டலாம். இப்ப இதக் கழுவி, காயவெச்சு, தேச்சு, அப்புறம்தான் ஒட்டணும். ஈரத்துல எதுவும் ஒட்டாது.” அண்ணாந்து பார்த்தார். “அதுவும் மழ வராம இருந்தா.”

“ட்யூப் போட்டு ஓட்டலாமா?”

“இந்த சைசுக்கு ட்யூப் இந்த மலையிலயே கெடயாது சார். மாட்டு வண்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி அவ்ளோ பெருசா வெச்சிருக்கான், ஆனா அஞ்சாவதா ஒண்ணு குடுக்க மனசு வரல பாருங்க.”

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். கோந்தை ஊற்றாமல் இருந்தால் இந்நேரம் ஒட்டியிருக்கலாம். ஸ்டெப்னிக்குப் பதில் தருகிறோம் என்று கொடுத்த சாமான், ஒட்டக்கூடியதையும் ஒட்ட முடியாமல் கெடுத்துவைத்தது. ஜீவானந்தத்துக்கு அந்தக் கோகிலவாணியின் பற்கள் ஞாபகம் வந்தன. பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியது இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்ட ஒரு முகம்கூட இல்லாமல் செய்துவிட்டார்கள்.

டோமினிக் சக்கரத்தைக் கழற்றி, ஓடைத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினார். மணி இரண்டே கால் ஆனது, இரண்டரை ஆனது. இரும்பைக் கொடுத்து டயரை ரிம்மிலிருந்து நெம்பினார். பளபளவென்றிருந்த வெள்ளி ரிம்மில் சரக்கென்று ஒரு கீறல் விழுந்தது.

“பாத்துய்யா, ரிம்முல கீறல் வுழுது!” என்று கத்தினார் ஜீவானந்தம்.

டோமினிக் நெம்புவதை நிறுத்தினார். இவரைப் பார்த்தார். கோந்து காய்ந்து தோலுரிந்த மாதிரி இருந்த முகத்தை, வேட்டியை. பிறகு திறந்திருந்த கார்க் கதவு வழியாக மஞ்சள் பையைப் பார்த்தார்.

“அது இன்னா சார், கோடியா?”

“ஆமா.”

“எங்க?”

“நெல்லிவாசல். எங்க அக்கா.”

“பொணத்தப் போட்டுக்கினு ஒங்களுக்காக ஒக்காந்திருக்காங்க, நீங்க இங்க ரிம்முக்குக் காவல் காத்துக்கினு கீறீங்களா?” டோமினிக் இரும்பைக் கீழே போட்டார். “மொதல்லயே சொல்றதில்லயா சார்? நான் எதுக்கு இதக் கழுவிக்கினு இருந்தேன்? எடுங்க அத. ஏறுங்க வண்டில.”

இந்த முறை அவர் காரைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூசியது. மூன்று சக்கரத்திலும் ஒரு ஜாக்கியிலும் அதை விட்டுவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு மொபெட்டின் பின்னால் ஏறினார். மணி மூன்றாகப் பத்து நிமிஷம்.

மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரைச் சுமந்து மொபெட் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. செம்மண் பாதையில் மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினார்கள். கோடி நனையாமல் இருக்கச் சட்டையைக் கழற்றிப் பையின் மேல் சுற்றினார். வெறும் மேலில் மழை அறைந்தது. பிசின் கரைந்து, வேட்டி தொடையோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வளைவில் போன் மணி அடித்தது, எடுப்பதற்குள் நின்றுவிட்டது. அக்கா, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனார். டோமினிக்கும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். ஜெபமோ, வசவோ தெரியவில்லை.

ஊர் முனையில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. மேளச் சத்தம் இல்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஓடினார். இடுகாட்டுப் பாதையில் ஆண்கள் மண்வெட்டிகளோடு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த ஊர்க்கவுண்டர் கோபால்சாமி நின்றார்.

“மூணரை வரைக்கும் பாத்தோம்பா. குழில மொழங்கால் தண்ணி. எறச்சு எறச்சுப் பாத்தாங்க, நிக்கல. அதுக்கு மேல வெச்சிருந்தா அந்தம்மாவ வெள்ளத்துலதான் போட்டிருக்கணும். சின்னராஜ் போட்டுட்டான்.”

“கோடி?” என்றார் ஜீவானந்தம். கேள்வி அபத்தம் என்று தெரிந்தே கேட்டார்.

“அவன் பொஞ்சாதி தீபாவளிக்கு எடுத்து இன்னும் கட்டாம வெச்சிருந்தாளாம். புதுசுதான். அதக் கொணாந்து குடுத்துச்சு.”

ஆண்களுக்குப் பின்னால் சின்னராஜ் வந்தான். முழங்கால் வரை சேறு. இளைத்துப்போயிருந்தான். எட்டு வருஷத்தில் முதல்முறையாக இருவரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருந்தால் ஜீவானந்தத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும், திருப்பிச் சொல்லியிருக்கலாம். “ரொம்ப நேரம் பாத்தோம்ணா” என்றான் அவன். அவ்வளவுதான். கண் சிவந்திருந்தது. மங்கம்மாளுக்காக அழுத கண். காலையிலிருந்து, தான் அழவே இல்லை என்பது ஜீவானந்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

“பதினாறாம் நாளு வேலய மறந்துடாத” என்று கோபால்சாமி சின்னராஜிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். “தை மாசத்துக்கும் இனிமே நீதான் நிக்கணும்.” அதில் பழிப்போ வஞ்சமோ இல்லை. இருப்பதைச் சொன்னார்.

குழிமேட்டுக்குப் போய் ஜீவானந்தம் கொஞ்ச நேரம் நின்றார். ஈர மண், மேலே முள், ஒரு கல். கோடியை அதன் மேல் போடலாமா என்று பையைப் பிரித்தார். கூட வந்த வெற்றிச்செல்வன் கையைப் பிடித்தான். “ஒரு பொணத்துக்கு ரெண்டு கோடி கூடாது மாமா. இன்னொரு சாவு வந்துடும்பாங்க.” சேலையை மறுபடி பையில் வைத்தார்.

வீட்டுக்கு முன்னால் பந்தலில், வெளியூரிலிருந்து வந்தவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்த வீட்டு ஆட்கள் எதிரே, குளித்த ஈரத்தோடு, தனியாகப் பாயில். தலைக்குத் துணி கட்டும் சடங்கு முடிந்து வீட்டு விளக்கைப் பார்க்கும் வரை அவர்கள் வாயில் பச்சைத் தண்ணீர் படாது. பாயின் நடுவில் சின்னராஜ். ஜெயசுதா பெண்களோடு நின்றிருந்தவள் கணவனைப் பார்த்தாள். அவர் இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் ஜீவானந்தம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெரியவர், “புது காராமே? ஸ்டெப்னி போட்டுக்கினு வந்திருக்கலாமேப்பா?” என்று ஆதங்கத்தோடு கேட்டார்.

செந்தாமரை உள்ளிருந்து வந்தாள். அழுது வீங்கிய முகம். நேராக அவரிடம் வந்து, காலடியில் உட்கார்ந்து, பிசுபிசுத்த அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அம்மா போய்ட்டாங்க மாமா” என்று கதறினாள். அவர் அவள் தலையைத் தடவினார். விரலில் ஒட்டியிருந்த பிசின் அவள் முடியில் இழுபட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. அழுது ஓய்ந்து எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஈஸ்வரியைக் கூப்பிட்டாள்.

“அத்த, மாமாவுக்கு ஒரு டீ குடுங்க. காலைலர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு.”

பரிவாகத்தான் சொன்னாள். பிறந்த வீட்டு ஆளுக்கு டீ நீட்டக்கூடாது என்ற யோசனைகூட அவளுக்கு வரவில்லை. பாயில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈஸ்வரி தட்டை நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இனி என்ன உரிமை? மஞ்சள் பையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, பேப்பர் கப்பை வாங்கிக் குடித்தார். இஞ்சி தட்டிப் போட்ட, சூடான, நல்ல டீ. தொண்டை கேட்டு வாங்கிக்கொண்டது. அது நன்றாக இருந்ததுதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விட அவருக்கு அருவருப்பாக இருந்தது.